முதல் பிறந்தநாளுக்கு இரண்டே நாள் போகிறேன், பேரன் என்னிடம் வருவானா?

பேரன்பு:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை என் பேரனுக்கு முதல் பிறந்தநாள். மகன் வீடு தொலைவில் இருக்கிறது. வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்பியாக வேண்டும், அதற்கு மேல் விடுப்பு கிடைக்காது. அவனைக் கடைசியாக நேரில் பார்த்தபோது யார் தூக்கினாலும் சிரிப்பான். இப்போது புது முகத்தைக் கண்டாலே அழுகிறான் என்று மகன் சொல்கிறான். வாரம் தவறாமல் வந்து போகும் எங்கள் சம்பந்தியம்மாவிடம் மட்டும் ஓடிப் போவானாம்.

இருப்பது இரண்டே நாள். அதில் ஒரு நாள் அழுதே போய்விட்டால் என்ன செய்வது? மருமகள் நல்ல பெண், எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அவளுக்குப் பாரமாக இல்லாமல் உதவியாக இருக்க வேண்டும் என்று ஆசை. என்ன வாங்கிப் போவது என்பதும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

கார்முகில்:
ஒன்றே ஒன்று சொல்கிறேன் அம்மா. போனதும் கையை நீட்டித் தூக்காதீர்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

வெண்புறா:
நான் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருக்கிறேன். ஒரு வயதுக் குழந்தைகளுக்கு அன்றாடம் நான் அந்நியள்தான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

எட்டு மாத வாக்கில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆள் அடையாளம் கெட்டியாகிவிடும். அதோடு சேர்ந்தே புது ஆள் பயமும் வரும். ஒரு வயதையொட்டி அது நன்றாகவே இருக்கும், அப்புறம் மெல்லத் தணியும். ஆறு மாதத்தில் எல்லோரிடமும் போன குழந்தை இப்போது அழுகிறதென்றால், தன் ஆட்கள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டது என்று அர்த்தம். வளர்ச்சி சரியாக இருக்கிறது. நீங்கள் அதை உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

நான் வார்டில் செய்வது இது. உள்ளே போனதும் குழந்தையின் கண்ணை நேராகப் பார்க்கமாட்டேன். முதலில் அம்மாவிடம் பேசுவேன், சாதாரணக் குரலில், சிரித்துக்கொண்டு. பிறகு தரையில் உட்கார்ந்துவிடுவேன், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாற்போல. நின்றுகொண்டு குனிந்து பார்க்கும் பெரியவர் குழந்தைக்கு மிகப் பெரிய உருவம். கையில் ஏதாவது ஒரு சாதாரணப் பொருள், ஒரு கிண்ணமோ மூடியோ போதும், அதை வைத்து நானே விளையாடுவேன். குழந்தையை அழைக்கமாட்டேன். சில நிமிடத்தில் தவழ்ந்து வந்து அந்த மூடியை எடுக்கும். எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடும். திரும்ப வரும். இந்த வயதில் ஒரு பொருளை நம் கையில் கொடுத்துத் திரும்ப வாங்குவது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. எப்போது அந்த மூடியை உங்கள் கையில் வைக்கிறானோ, அப்போது வழி திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி, நன்றி சொல்லி, திரும்பக் கொடுங்கள். அப்போதும் தூக்க வேண்டாம். அவனே உங்கள் முழங்காலைப் பிடித்து எழுந்து நிற்கும்வரை பொறுங்கள்.

நூலகமூலை:
வெண்புறா "முதலில் அம்மாவிடம் பேசு" என்றதற்கு அருமையான ஓர் ஆய்வு இருக்கிறது. 1985-இல் வெளிவந்தது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கெட்டியான கண்ணாடிப் பலகை மேல் தவழ விட்டார்கள். நடுவில் ஓர் இடத்தில், கண்ணாடிக்கு அடியில் 30 செ.மீ. பள்ளம் தெரியும். மறுபுறம் அம்மா நிற்கிறார். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் குழந்தை நின்று அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அம்மா சந்தோஷமாக முகத்தை வைத்திருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமலே.

பேரன்பு அம்மா, இங்கே அந்தப் பள்ளம் நீங்கள்தான்! வந்திருக்கும் ஆளை நம்பலாமா என்று பேரன் உங்கள் முகத்தைவிட மருமகளின் முகத்தில்தான் தேடுவான். அவள் உங்களைப் பார்த்து மனதார மலர்ந்தால் பாதி வேலை முடிந்தது. அவள் முகம் இறுகியிருந்தால் எத்தனை பொம்மை வாங்கிப் போனாலும் பயனில்லை. அதனால் குழந்தையிடம் பழகும் வழி அவன் அம்மா வழியாகத்தான் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இருவர்தாத்தா:
எல்லோரும் படித்தவர்கள், நல்லதாகவே சொல்கிறீர்கள். ஆனாலும் ஒரு தாத்தாவாக எனக்கு மனம் ஒப்பவில்லை. சொந்தப் பேரனைத் தொட இத்தனை கணக்கா? எங்கள் வீட்டில் குழந்தை கை மாறி மாறித்தான் வளர்ந்தது. கொஞ்சம் அழும், ஜன்னல் பக்கம் தூக்கிப்போய் எதையாவது காட்டினால் அடங்கிவிடும். அழுகைக்கு இவ்வளவு பயந்தால், ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் விருந்தாளிகளைப் போல ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியதுதான். இரண்டு நாள் இருப்பவருக்கு ஒவ்வொரு மணியும் முக்கியம் அம்மா.

அரும்புஅம்மா:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கை மாறி மாறி வளர்ந்த குழந்தைக்கு அந்தக் கைகள் எல்லாமே தினமும் பார்த்த கைகள். பேரன்பு அம்மாவின் பேரன் இந்தச் சில மாதமாக அவரைப் போனில்தான் பார்த்திருக்கிறான்.

என் மகளுக்கு முதல் பிறந்தநாள் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அந்த மருமகளின் இடத்தில் நின்று சில விஷயங்கள் சொல்கிறேன், அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்றதால்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போய் வேலையைப் பாரும்மா" என்பார்கள். உதவி என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் குழந்தையோடு உட்கார எனக்கும் ஆசை இருந்தது. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நான், விளையாடும் இடத்தில் மற்ற எல்லோரும். என் மாமியார் மட்டும்தான் வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீ அவளோடு இரு, துணி மடிக்கிற வேலை என்னுடையது" என்றார். மடித்த துணியை எந்த அலமாரியில் வைப்பது என்றுகூட என்னிடம் கேட்டுத்தான் வைத்தார், தானாக இடம் மாற்றவில்லை. அந்த மதியம் முழுக்க என் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மடித்த துணியை இழுத்துக் கலைக்க அவர் மடிக்கே போய்விட்டாள்.

இன்னொன்று. அது குழந்தையின் முதல் பிறந்தநாள் மட்டுமில்லை. அதற்கு முந்தின வருடம் அதே நாளில் நான் பிரசவ அறையில் இருந்தேன். அன்று காலை எழுந்ததிலிருந்து எனக்கு அதுவே நினைப்பு. வலி, பயம், முதல்முதலாக அவள் குரல் கேட்டது எல்லாம் வந்து போய்க்கொண்டே இருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் குழந்தையை வாழ்த்தினார்கள். "நீ எப்படி இருக்கிறாய், போன வருடம் இந்நேரம் என்ன பாடுபட்டாய்" என்று ஒருவர் கேட்டிருந்தால் அழுதே இருப்பேன். நீங்கள் கேளுங்கள் அம்மா. தனியாக இருக்கும்போது.

பேரன்பு:
அரும்புஅம்மா, இதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது எனக்குத் தோன்றியதே இல்லை. கட்டாயம் கேட்கிறேன். வெண்புறா சிஸ்டர், நூலகமூலை, உங்களுக்கும் நன்றி. விழா சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்திருக்கிறார்கள். அன்று நான் எங்கே இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

கார்முகில்:
ஆறு மணியா? ஒரு வயதுக் குழந்தைக்கு அது களைத்துப்போகும் நேரம் அம்மா. நேரத்தை மாற்றச் சொல்லாதீர்கள், எல்லோரையும் அழைத்திருப்பார்கள். பகல் தூக்கத்தைக் காப்பாற்ற முடியுமா பாருங்கள்.

வெண்புறா:
கார்முகில் சொன்னது சரி. ஒன்று முதல் இரண்டு வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். விழா வீட்டில் முதலில் பலியாவது அந்தப் பகல் தூக்கம்தான். மதியமே ஆட்கள் வரத் தொடங்குவார்கள், அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும், "இன்னும் எழவில்லையா" என்று ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். பாட்டிக்கு அன்றைக்கு மிகப் பொருத்தமான வேலை அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவது. இதை மருமகள் செய்ய முடியாது, வந்தவர்கள் தப்பாக நினைப்பார்கள். வயதில் பெரியவர் நீங்கள் "தூங்குகிறான், அப்புறம் பார்க்கலாம்" என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மெழுகுவத்தி ஏற்றும் நேரத்தில் திடீரென்று விளக்கை அணைத்து, முப்பது பேர் சேர்ந்து கைதட்டிப் பாடினால் பல குழந்தைகள் மிரண்டு அழும். அந்த நேரம் அவன் அம்மா அல்லது அப்பா இடுப்பில் இருக்கட்டும். உங்கள் கையில் வைத்துப் படம் எடுக்க யாராவது கூப்பிட்டால், அவன் அம்மாவின் இடுப்பில் இருக்க நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். படமும் நன்றாக வரும்.

இனி பாதுகாப்பு. விழா வீட்டில் நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது மூன்று. உடைந்த பலூன் துண்டு: குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். பலூன் வெடித்த சத்தம் கேட்டால் உடனே துண்டுகளைப் பொறுக்குங்கள். அடுத்தது பாட்டுப் பாடும் பொம்மையிலும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்; விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூன்றாவது உங்கள் சொந்தக் கைப்பை. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில்தான் இருக்கும், பையும் கட்டில் மேலோ தரையிலோ இருக்கும். போனதும் முதல் வேலையாக அதை உயரமான அலமாரியில் வையுங்கள். முழு முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை போன்றவற்றை யார் ஊட்ட வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். உதட்டில் கொப்புளம் இருந்தால் முத்தம் கூடவே கூடாது.

இருவர்தாத்தா:
மாத்திரைப் பை விஷயம் மிகச் சரி சிஸ்டர், நானும் குறித்துக்கொண்டேன். அழுகை விஷயத்தில் என் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. சில குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும், அவர்களிடம் போய்ப் பாட்டி ஒதுங்கி உட்கார்ந்தால் அதுவும் நஷ்டம்தானே.

வெண்புறா:
உண்மைதான் ஐயா. எல்லாக் குழந்தையும் ஒன்றில்லை. அவனாகக் கை நீட்டினால் உடனே அள்ளிக்கொள்ள வேண்டும், அதில் தயக்கமே வேண்டாம். உடம்பை வளைத்துப் பின்னால் சாய்ந்து, அம்மாவைத் தேடி அழும் குழந்தையை விடாமல் பிடித்துவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அரும்புஅம்மா:
பரிசு பற்றி யாருமே சொல்லவில்லையே. உடை என்றால் அடுத்த அளவு வாங்குங்கள். முதல் வருடத்தில் எடை பிறந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிடுகிறது, சரியான அளவில் வந்த சட்டையெல்லாம் ஒரு தடவை போட்டதோடு சரி. பொம்மை என்றால் பெரிதாக, சத்தமாக வேண்டாம். வீட்டில் இடம் இருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் நல்லது, கிழியாது, கடித்தாலும் தாங்கும். அதை நீங்களே மடியில் வைத்துப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு போனிலும் அதையே படிக்கலாம்.

சின்னத் துணி ஒன்று இருந்தாலே போதும், பெரிய விளையாட்டு நடக்கும். அவன் பார்க்கும்போதே பந்தைத் துணிக்கடியில் மறைத்துவிட்டு "எங்கே?" என்று கேளுங்கள். துணியை இழுத்துக் கண்டுபிடித்துவிட்டு அவன் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே! ஐந்து மாதத்தில் மறைத்தால் தேடியே இருக்கமாட்டான்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். "இன்னும் நடக்கவில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். விழாவுக்கு வரும் அத்தனை பேரும் அதைத்தான் கேட்பார்கள், கூடவே தங்கள் வீட்டுக் குழந்தை ஒன்பது மாதத்தில் ஓடிய கதையும் வரும்.

நூலகமூலை:
அப்படிக் கேட்பவர்களிடம் சொல்ல ஒரு கணக்கு: உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்டது. பிடிக்காமல் தனியாக நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் இயல்பே. ஒரு வயதில் நடக்காத குழந்தையின் அம்மா இந்த ஒரு கேள்வியாலேயே விழாவன்று முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பேரன்பு அம்மா, யாராவது கேட்டால் மருமகளுக்கு முன்பாக நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

பேரன்பு:
போய் வந்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் வந்ததும் எழுதுகிறேன்.

வெள்ளி இரவு தூங்கிவிட்டிருந்தான். சனி காலை மகன் தோளில் வந்தவன் என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். நான் மருமகளிடமே பேசிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துப் பேச, அவன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அழவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து துணி மடித்தேன். ஒரு காலுறையை எடுத்து என் கையில் கொடுத்தான். வாங்கித் திரும்பக் கொடுத்தேன். இப்படியே எத்தனை முறை என்று கணக்கில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் காலுறையைக் கிள்ளிப் பிடித்து, என் உள்ளங்கைக்கு நேராகக் கொண்டுவந்து, விடத் தெரியாமல் விரலைப் பிரிக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்க்கவே போயிருக்கலாம்.

மதியம் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நன்றாகத் தூங்கினான். விழாவில் பாட்டு தொடங்கியதும் அழுதான், அம்மா இடுப்பில் இருந்ததால் சீக்கிரமே அடங்கிவிட்டான். என்னிடம் வரவில்லை, நானும் கேட்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் ஓடினான். மனதில் சின்ன வலி வந்தது உண்மை. ஆனால் நான் இல்லாத வாரங்களில் அவர் அங்கே இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! அவரிடமே அதைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

இரவு எல்லோரும் போனபின் மருமகளிடம் கேட்டேன். போன வருடம் இதே நேரம் எப்படி இருந்தது என்று. ரொம்ப நேரம் பேசினாள். பிரசவத்தைப் பற்றி அவள் எனக்குச் சொல்லாதது எத்தனையோ இருந்தது.

ஞாயிறு காலை முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றான். தூக்கிக்கொண்டேன். சாயங்காலம் கிளம்பிவிட்டேன். இப்போது என் கவலை வேறு. அடுத்து நான்கு மாதம் கழித்துத்தான் போக முடியும். அதற்குள் என்னை மறந்துவிடுவானே?

நூலகமூலை:
ரொம்ப சந்தோஷம் அம்மா! மறதியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். நெம்புகோலை அழுத்தினால் பொம்மை ரயில் ஓடும்படி வைத்துக் குழந்தைகளைச் சோதித்திருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தை அந்த வித்தையை இரண்டு வாரம் நினைவில் வைத்திருந்தது, ஒரு வயதுக் குழந்தை எட்டு வாரம் வரை. நடுவில் சின்னதாக நினைவூட்டினால் இன்னும் நீளும் என்பதும் தெரிந்தது. வளர்ந்தபின் இந்தப் பிறந்தநாள் அவனுக்கு நினைவிருக்காது, அது எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் அடுத்த சில வாரத்துக்கு நீங்கள் அவனுக்குள் இருக்கிறீர்கள். அதற்குள் நினைவூட்டல் வேண்டும்.

அதற்கு வீடியோ அழைப்பு உதவும். 12 முதல் 25 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினரோடு ஒருவர் நேரடி வீடியோவில் பேசினார், மற்றவர்களுக்குப் பதிவு செய்த வீடியோ. ஒரு வாரம் கழித்து, நேரடியாகப் பேசியவரைக் குழந்தைகள் அடையாளம் கண்டுகொண்டார்கள். குழந்தை செய்வதற்கு ஏற்ப மறுபக்கம் உடனுக்குடன் பதில் கிடைப்பதுதான் வித்தியாசம். 18 மாதத்துக்கு முன் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் பாட்டுப் பாடிப் பதிவு செய்து அனுப்புவதைவிட, நேரடி வீடியோவில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பேரன்பு:
கூப்பிட்டால் போனைப் பிடுங்கி வாயில் வைக்கிறான், இல்லாவிட்டால் ஓடிவிடுகிறான். எந்த நேரம் நல்லது?

அரும்புஅம்மா:
தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு. பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் வேண்டவே வேண்டாம். போனைக் கையில் தராமல் அவன் விளையாடும் இடத்தில், எட்டாத உயரத்தில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அந்த அட்டைப் புத்தகத்தில் இன்னொன்று வாங்கி நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மருமகள் ஒரு பக்கம் திருப்பும்போது இங்கே நீங்களும் அதே பக்கத்தைக் காட்டுங்கள். காலுறையும் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், அதைத் தெரிந்துகொள்வான். ஐந்து நிமிடம் போதும். வாரத்தில் ஒரு முறை நீளமாகப் பேசுவதைவிட இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுங்கள். எந்தெந்த நாள் தோதுப்படும் என்று மருமகளிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகிறவர் என்றால் காலை நேரம் அவருக்குக் கஷ்டம்.